கோல்ட் பைத்தான்: கையால் பொருத்தியதும் மெஷின் வெட்டியதும்

அமெரிக்காவின் துப்பாக்கிச் சந்தைகளில் பழைய கோல்ட் பைத்தான் ரிவால்வர் ஒன்றை வாங்க வருகிறவர், அதைக் கையில் வாங்கியதும் குறி பார்ப்பதில்லை. முதலில் தோட்டாக்களைப் போடும் உருளையான சிலிண்டரை வெளியே தள்ளி ஆறு அறையும் காலிதானா என்று பார்த்துக்கொள்வார். பிறகு மூடிவிட்டு, இடது கை விரலை சிலிண்டர்மேல் பட்டும் படாமலும் வைத்து, வலது கைக் கட்டைவிரலால் பின்பக்கச் சுத்தியலான ஹேமரை மெதுவாக, மிக மெதுவாகப் பின்னால் இழுப்பார். அப்போது அவருக்குக் கண்ணைவிடக் காதுக்குத்தான் வேலை அதிகம். சிலிண்டர் சுழன்று தன் இடத்தில் 'டிக்' என்று பூட்டிக்கொள்ளும் ஒலி முதலில் கேட்க வேண்டும். ஹேமர் கடைசிவரை போய் நிற்கும் ஒலி அதற்கு அப்புறம்தான் வர வேண்டும், அல்லது இரண்டும் ஒன்றாக வரலாம். ஹேமர் போய் நின்ற பிறகும் சிலிண்டர் பூட்டாமல் இருந்தால், அந்தத் துப்பாக்கிக்கு 'டைமிங்' போய்விட்டது என்று பொருள்.

ஆறு அறைக்கும் ஆறு முறை இப்படிச் செய்து பார்ப்பார். ஐந்து சரியாக வந்து ஒன்று மட்டும் பிந்தினாலும் விலையில் சில நூறு டாலர் குறைத்துக் கேட்பார், இல்லாவிட்டால் துணிமேல் மெல்ல வைத்துவிட்டு அடுத்த மேசைக்கு நகர்ந்துவிடுவார்.

இந்தப் பைத்தானைக் கோல்ட் நிறுவனம் 2020 ஜனவரியில் மறுபடி கொண்டுவந்தது. நிறுவனம் அறிவித்த விலை 1,499 டாலர். பெயரும் உருவமும் பழையதே. குண்டு வெளியேறும் குழலான பேரலின் மேல் ஓடும் துளையிட்ட முதுகு, கீழே நுனிவரை நீளும் கனமான இரும்பு, பிடியில் வால்நட் மரம், அதில் பதித்த குதிரைச் சின்னம் என எல்லாம் இருந்தன. உள்ளே இருந்தது மட்டும் வேறு. 'இது பைத்தான்தானா?' என்ற வாக்குவாதம் அன்றைக்கே தொடங்கிவிட்டது. இரண்டு பக்கத்தாரும் சொல்வதைப் படித்துக்கொண்டே வந்ததில் எனக்குத் தோன்றுவது இதுதான்: அவர்கள் ஒரே துப்பாக்கியைப் பற்றிப் பேசவில்லை. ஒருவர் சுடும் கருவியைப் பற்றிப் பேசுகிறார். மற்றவர் அதைச் செய்த கைகளைப் பற்றிப் பேசுகிறார். இது பிடிபட வேண்டுமானால் அந்த 'டிக்' எங்கிருந்து வருகிறது என்று பார்க்க வேண்டும்.

பைத்தான் பிறந்தது 1955இல், கனெக்டிகட் மாநிலத்தின் ஹார்ட்ஃபோர்டு நகரில். நீலக் குவிமாடமும் அதன் உச்சியில் துள்ளும் குதிரையுமாக அந்த ஊரின் அடையாளமாகவே நின்ற தொழிற்சாலை அது. அப்போது பைத்தான் சுடும் .357 மேக்னம் தோட்டாவுக்கு இருபது வயது. 1935இல் அதைக் கொண்டுவந்தது கோல்ட்டின் நேர்ப் போட்டியாளரான ஸ்மித் அண்ட் வெஸ்ஸன். பழைய .38 ஸ்பெஷல் தோட்டாவின் உறையைச் சுமார் எட்டில் ஒரு பங்கு அங்குலம் நீட்டிச் செய்தார்கள். வேகமான புதிய தோட்டா தவறிப்போய்ப் பழைய, வலு குறைந்த துப்பாக்கிக்குள் நுழைந்துவிடக் கூடாது என்பதற்காகத்தான் அந்த நீளம். ஆனால் .357 துப்பாக்கியில் .38 தோட்டாவைத் தாராளமாகச் சுடலாம். பைத்தானை வாங்கியவர்களில் நிறையப் பேர் பெரும்பாலும் அதைத்தான் சுட்டார்கள்.

விலை 125 டாலர். அன்றைய கணக்கில் அது கொஞ்சப் பணம் இல்லை. இலக்குச் சுடும் போட்டிக்காரர்களை மனத்தில் வைத்து, சந்தையிலேயே உயர்ந்த ரிவால்வராக அதை நிறுத்த வேண்டும் என்று கோல்ட் நினைத்தது. பேரலின் அடியில் கனத்தைக் கூட்டியதும் அதற்காகத்தான். முனை கனமாக இருந்தால் கை ஆடாது, சுட்டதும் துப்பாக்கி மேலே துள்ளாது. முதலில் வந்தவற்றில் அந்தக் கீழ்ப்பகுதி உள்ளே பொள்ளலாகவே இருந்தது. பின்னால்தான் முழுக்கக் கெட்டியானது. முதல் வருஷத்துப் பைத்தானைத் தேடி அலைகிறவர்கள் பேரல் முனையைத் திருப்பிப் பார்ப்பது அந்தப் பொள்ளலுக்காக.

இப்போது உள்ளே போவோம். ட்ரிக்கரை இழுத்தால் ஒரு சிறு எஃகுத் துண்டு மேலெழும்பி சிலிண்டரின் பின்பக்கப் பல்லைத் தள்ளிச் சுழற்றும். துப்பாக்கி மெக்கானிக்குகள் அதைக் 'கை' என்றே சொல்கிறார்கள். இன்னொரு துண்டு கீழிருந்து எழும்பி சிலிண்டரின் பள்ளத்தில் விழுந்து பூட்டும். அதற்கு 'போல்ட்' என்று பெயர். எந்த ரிவால்வரானாலும் இவை இரண்டும் இருக்கும். பழைய பைத்தானில் கவனிக்க வேண்டியது, போல்ட் பூட்டிய பிறகும் கை விடுவதில்லை என்பது. ட்ரிக்கர் கடைசிவரை பின்னால் இருக்கும் அந்த நொடியில், கை ஒரு பக்கம் நெருக்க, போல்ட் இன்னொரு பக்கம் பிடிக்க, சிலிண்டர் நடுவில் இறுகி நிற்கும். அசைத்துப் பார்த்தால் ஒரு நூல்கூட அசையாது. வங்கிப் பெட்டகத்தின் பூட்டு மாதிரி என்று உரிமையாளர்கள் சொல்வது இதைத்தான். குண்டு புறப்படும் தருணத்தில் அறையும் பேரலும் ஒரே நேர்கோட்டில் இருக்கும். பைத்தானின் குறி தப்பாமைக்கு இதுவும் ஒரு காரணம் என்றே பேசப்பட்டது.

ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் அந்த இடத்தில் மயிரிழை இடைவெளி விட்டுவைத்தது. சிலிண்டர் கொஞ்சம் ஆடும், ஆடட்டும் என்று விட்டார்கள். குண்டு பேரலுக்குள் நுழையும்போது தானே அதை நேராக்கிக்கொள்ளும். அந்தத் தாராளத்தால் ஸ்மித் நீண்ட காலம் சரிசெய்யாமல் ஓடியது. பைத்தானின் 'கை' மட்டும் ஒவ்வொரு முறையும் முழு அழுத்தத்தையும் தன்மேல் வாங்கித் தேய்ந்துகொண்டே வந்தது. பலமான தோட்டாக்களை ஆயிரக்கணக்கில் சுட்டால் 'டிக்' பிந்தத் தொடங்கும். அதைச் சரிசெய்யக் கோல்ட்டின் உள்ளமைப்பு தெரிந்த மெக்கானிக் வேண்டும். ஸ்மித்தைத் திறந்து பார்க்கத் தெரிந்தவர் நூறு பேர் கிடைக்கும் இடத்தில் கோல்ட்டுக்கு ஒருவர் கிடைப்பதே அரிது. ஆக, பைத்தானின் பெருமை எந்த இடத்தில் இருந்ததோ, அதன் பலவீனமும் அதே இடத்தில்தான் இருந்தது. புகழ்கிறவர்கள் இதைச் சொல்லாமல் தாண்டிப் போவது எனக்கு வருத்தம்தான். தெரிந்துகொண்டு நேசிப்பதால் ஒன்றும் குறைந்துவிடாது.

அந்த இறுக்கம் மெஷினிலிருந்து நேராக வந்துவிடவில்லை. பாகங்களைக் கொஞ்சம் பெரிதாகவே வெட்டிக் கொடுப்பார்கள். பொருத்துகிறவர் அதை மாட்டிப் பார்ப்பார், கழற்றுவார், எங்கே உரசுகிறது என்று பார்த்து அரத்தால் ஒரு தேய்ப்புத் தேய்ப்பார், மறுபடி மாட்டுவார். இப்படியே போய் ஆறு அறையும் சரியான நேரத்தில் பூட்டும்வரை அந்தத் துப்பாக்கி அவர் மேசையை விட்டு நகராது. அதனால் ஒரு பைத்தானின் 'கை'யை எடுத்து இன்னொரு பைத்தானில் போட்டால் பொருந்தும் என்று நம்ப முடியாது.

வெளிப்புறமும் அப்படித்தான். கோல்ட்டின் 'ராயல் புளூ' நிறத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் ஏதோ ரகசிய ரசாயனம் என்று நினைத்துக்கொள்வதுண்டு. சூடான உப்புக் கரைசலில் முக்கி எடுக்கும்போது வரும் நிறம்தான் அது. அந்த நிறத்துக்கு ஆழம் தருவது அதற்கு முன்னால் நடக்கும் பாலிஷ். தோல் சுற்றிய சக்கரங்களில் கரகரப்பு பொடியில் தொடங்கி மாவு போன்ற பொடிவரை படிப்படியாகத் தேய்த்து, எஃகைக் கண்ணாடி ஆக்கிவிட்டுத்தான் கரைசலுக்கே அனுப்புவார்கள். நல்ல பாலிஷா என்று பார்க்க ஒரு வழி இருக்கிறது. துப்பாக்கியின் தட்டையான பக்கத்தை டியூப் லைட்டுக்கு நேராகப் பிடித்து மெல்லச் சாய்க்க வேண்டும். வெளிச்சக் கோடு விளிம்புவரை வளையாமல் நேராக ஓடினால் கை தேர்ந்தவர் செய்த வேலை. விளிம்புக்குப் பக்கத்தில் கோடு சரிந்தால் சக்கரத்தில் அழுத்தம் கூடிவிட்டது. ஸ்க்ரூ துளையைச் சுற்றிச் சின்னக் குழி மாதிரி நெளிந்தாலும் அப்படியே. பழைய பைத்தானில் அந்தக் கோடு ஸ்க்ரூவைத் தாண்டியும் நெளியாமல் போகும். ஒருமுறை அதைப் பார்த்தவர் அப்புறம் எந்தத் துப்பாக்கியையும் அப்படிச் சாய்த்துப் பார்க்காமல் விடமாட்டார்.

ட்ரிக்கருக்கும் ஒரு குணம் உண்டு. உள்ளே இருப்பது தட்டையான, மடித்த ஸ்பிரிங். இழுக்க இழுக்க எடை கூடிக்கொண்டே போய், கடைசியில் சட்டென்று கனக்கும். இதைக் குறை என்று சொன்னவர்கள் பலர். அதையே விரும்பியவர்களும் உண்டு. அந்தக் கனம் விரலில் பட்டதும் இன்னும் ஒரு சுண்டுதான் பாக்கி என்று தெரிந்துவிடும், அங்கே நிறுத்தி, குறியைச் சரிபார்த்து, பிறகு விடலாம் என்பார்கள். எனக்கு இரண்டாவது கட்சி சொல்வதில் பாதி நியாயம் தெரிகிறது. ஆனால் வேகப் போட்டி சுட்டவர்களின் அனுபவம் வேறு. அவர்களில் சிலர் பைத்தான் பேரலைக் கழற்றி ஸ்மித் ஃப்ரேமில் பொருத்திக்கொண்டார்கள். பேரல் கோல்ட், உள்ளமைப்பு ஸ்மித். இரண்டு பெயரையும் குழைத்து அதற்கு 'ஸ்மைத்தான்' என்று பேர் வைத்தார்கள். பைத்தானின் எது உயர்ந்தது, எது சிக்கல் என்று சுடுகிறவர்கள் அன்றைக்கே எவ்வளவு தெளிவாக இருந்தார்கள் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.

புகழுக்குக் குறைவில்லை. ஜோர்டான் மன்னர் ஹுசைன் தன் பாதுகாப்பு அதிகாரிகளுக்குப் பரிசாகக் கொடுக்கத் தன் முத்திரை பதித்துச் செய்யச் சொன்னார். எல்விஸ் பிரெஸ்லியிடம் இருந்தது. சில மாநிலங்களின் நெடுஞ்சாலைப் போலீஸ் இடுப்பில் தொங்கியது. ஆனால் எண்பதுகளில் காற்று திசை மாறிவிட்டது. போலீஸ் துறைகள் ரிவால்வரை விட்டு, பதினைந்து தோட்டா பிடிக்கும் அரைத் தானியங்கிப் பிஸ்டல்களுக்குப் போயின. 1986இல் கோல்ட் தொழிலாளர்கள் தொடங்கிய வேலைநிறுத்தம் நாலு வருஷம் நீடித்தது. பழகிய கைகள் வாசலுக்கு வெளியே நின்றன. அந்த இடைவெளியிலேயே, 1988இல், அமெரிக்க ராணுவத்தின் எம்-16 ரைஃபிள் ஒப்பந்தம் வேறு நிறுவனத்துக்குப் போனது. 1992இல் திவால். பிறகு ஹார்ட்ஃபோர்டை விட்டுப் பக்கத்து ஊரான வெஸ்ட் ஹார்ட்ஃபோர்டுக்கே போய்விட்டார்கள். இன்றைக்கும் பழைய பைத்தான் வாங்குகிறவர் சீரியல் நம்பரை வைத்து எந்த வருஷத்துத் துப்பாக்கி என்று பார்ப்பார். அறுபதுகளுடையது என்றால் ஒரு பார்வை, வேலைநிறுத்த வருஷம் என்றால் இன்னொரு பார்வை.

1999இல் பைத்தானை நிறுத்துவதாக அறிவித்தார்கள். 'எலீட்' என்ற பெயரில் தனிப் பட்டறையிலிருந்து கொஞ்ச எண்ணிக்கையில் 2005 வாக்குவரை வந்தது, பிறகு அதுவும் நின்றது. காரணம் ரகசியமில்லை. அரம் போடுகிறவருக்கும் பாலிஷ் செய்கிறவருக்கும் கொடுக்கும் கூலியைத் துப்பாக்கி விலையால் ஈடுகட்ட முடியவில்லை.

நின்ற பிறகுதான் விலை ஏறியது. 2010இல் தொடங்கிய பிரபலமான தொலைக்காட்சித் தொடர் ஒன்றில் நாயகன் கையில் ஆறு அங்குலப் பைத்தான் இருந்தது. அதுவரை பெயரே கேள்விப்படாத இளைஞர்கள் தேட ஆரம்பித்தார்கள். நல்ல நிலையில் உள்ளது இரண்டாயிரம், மூவாயிரம் டாலர் என்று போனது. பெட்டியோடு, சுடாமல் வைத்தது இன்னும் மேலே. அந்த விலைக்கு வாங்கியவர் சுடத் துணியவில்லை. சிலிண்டரில் ஒரு கோடு விழுந்தாலும் நஷ்டம் என்று பெட்டியில் பூட்டி வைத்தார்கள். சுடுவதற்கென்றே செய்த துப்பாக்கி சுடப்படாமலே கைமாறிக்கொண்டிருந்தது.

கோல்ட் 2015இல் மறுபடி திவால் நீதிமன்றம் போய், அடுத்த ஆண்டு மீண்டது. பிறகு பாம்புப் பெயர் வைத்த அதன் ரிவால்வர்கள் ஒவ்வொன்றாகத் திரும்பின. 2017இல் கோப்ரா, 2019இல் கிங் கோப்ரா, 2020இல் பைத்தான், 2021இல் அனகோண்டா. அந்த வரிசையில் ஒரு திட்டம் தெரிகிறது. சின்ன ரிவால்வர்களில் கையைப் பழக்கிக்கொண்ட பிறகுதான் பெரிய பெயரைத் தொட்டார்கள். இதை நான் மதிக்கிறேன்.

புதிய பைத்தானில் பழைய உள்ளமைப்பை அப்படியே நகலெடுக்கவில்லை. பாகங்களில் 14 குறைந்தன. வலுவான துருப்பிடிக்காத எஃகுக் கலவைக்கு மாறினார்கள். ஃப்ரேமில், குறி பார்க்க உதவும் பின்பக்கத் துண்டான 'பின் குறி'க்குக் கீழே இருக்கும் பாலத்தை 30 சதவீதம் தடிப்பாக்கினார்கள். பின் குறியை மாற்றினார்கள். முன் குறியை ஒரு ஸ்க்ரூவைத் தளர்த்திக் கழற்றி வேறு மாட்டலாம். ஸ்பிரிங் இன்னும் தட்டை ஸ்பிரிங்தான், ஆனால் கடைசியில் சட்டென்று கனக்கும் அந்தப் பழைய குணம் போய்விட்டது. எட்டு, ஒன்பது பவுண்டு அளவில் முதலிலிருந்து கடைசிவரை ஒரே சீராக வருகிறது. முக்கியமானது இது: பாகங்களை இறுதி அளவுக்கே கணினி மெஷின் வெட்டிக் கொடுக்கிறது, அரத்துக்கு வேலை மிகக் குறைவு.

4.25 அங்குலம், 6 அங்குலம் என இரண்டு பேரல் நீளத்தில் முதலில் வந்தது. பழைய கணக்கில் அந்தச் சிறியது 4 அங்குலம். கால் அங்குலம் ஏன் கூடியது என்று கேட்டவர்கள் உண்டு. கனடாவில் 105 மில்லிமீட்டரோ அதற்குக் குறைவோ பேரல் உள்ள கைத்துப்பாக்கி தடைசெய்யப்பட்ட வகை. 4.25 அங்குலம் என்றால் சுமார் 108 மில்லிமீட்டர், தாண்டிவிடும். 2022 அக்டோபரில் கனடா கைத்துப்பாக்கி விற்பனையையே முடக்கிவிட்டது. இருந்தாலும் கால் அங்குலம் அப்படியே தங்கிவிட்டது.

தொடக்கம் சுகமாக இல்லை. முதலில் வந்தவற்றில் சிலவற்றில் ட்ரிக்கரை இழுத்தபோது சிலிண்டர் சுழலாமல் நின்றது. பக்கத்து மூடியைப் பிடித்திருக்கும் ஸ்க்ரூ தளர்ந்திருந்ததைப் பலர் சுட்டிக்காட்டினார்கள். சில பேரல் முனைகளில் மெஷின் விட்ட பிசிறு இருந்தது. திருப்பி அனுப்பியதைக் கோல்ட் சரிசெய்து கொடுத்தது. பின்னால் வந்தவற்றில் இந்தப் புகார்கள் வெகுவாகக் குறைந்தன. ஆனால் முதல் வாரத்தில் கேட்ட பேச்சு பல வருஷம் நிற்கும். இன்றைக்கும் செகண்ட் ஹேண்டில் 2020 பைத்தான் வந்தால், அது தொழிற்சாலைக்குத் திரும்பிப் போய்வந்ததா என்று முதலில் கேட்கிறார்கள்.

சரி, உரிமையாளர்கள் இதை எப்படி எடைபோடுகிறார்கள்?

சுடுகிறவர்களிடம் கேட்டால் பெரும்பாலும் நிம்மதிதான் தெரிகிறது. வாரம் நூறு தோட்டா சுடலாம், டைமிங் போய்விடுமோ என்ற பயமில்லை. நாலேகால் அங்குலத் துப்பாக்கியின் எடை சுமார் 1.2 கிலோ. மேக்னம் சுட்டாலும் கை வலிக்காது. ட்ரிக்கர் சீராக இருப்பதால் புதிதாகப் பழகுகிறவருக்கும் குழுமம் சுருங்கி வருகிறது, அதாவது குண்டுகள் இலக்கில் நெருக்கமாக விழுகின்றன. ஸ்மித் ரிவால்வர்களில் 2001 வாக்கிலிருந்து பக்கவாட்டில் வந்த, துப்பாக்கியைப் பூட்டிவைப்பதற்கான சாவித் துளை இதில் இல்லை. அந்தத் துளையை வெறுத்தவர்களுக்கு இது சின்ன விஷயமே இல்லை. விலையைப் பற்றி முணுமுணுப்பு உண்டு, ஸ்மித் 686, ரூகர் ஜிபி100 எல்லாம் கணிசமாகக் குறைந்த விலைக்குக் கிடைக்கும்போது இது எதற்கு என்று. அவர்கள் கேட்பது நியாயமான கேள்வி. பதில் கையில் எடுத்தால்தான் கிடைக்கும். ட்ரிக்கர் ஒன்றுக்கே அந்த வித்தியாசத்தைக் கொடுக்கலாம் என்பவர்களை நான் நம்புகிறேன்.

சேகரிப்பவர்கள் பார்க்கும் இடம் வேறு. அவர்கள் முதலில் டியூப் லைட்டுக்கு நேராகச் சாய்ப்பார்கள். புதியதில் பளபளப்பு இருக்கிறது, ஆனால் உற்றுப் பார்த்தால் சில துப்பாக்கிகளில் ஒரே திசையில் ஓடும் மெல்லிய கோடுகள் தெரியும். சிலிண்டரைப் பூட்டி அசைத்தால் சிலவற்றில் நூலளவு ஆட்டம் இருக்கும். அப்புறம் 'டர்ன் லைன்'. போல்ட் உரசி சிலிண்டரைச் சுற்றி விழும் வளையக் கோடு அது. எந்த ரிவால்வரிலும் நாளடைவில் வரும். நன்றாகப் பொருத்திய கோல்ட்டில், பள்ளத்துக்குச் சற்று முன்னால் இருக்கும் சின்ன ஓடையில்தான் போல்ட் வந்து விழும், அதனால் கோடு சீக்கிரம் விழாது. புதியதில் வாங்கிய சில நாட்களிலேயே கோடு வந்துவிட்டது என்று வருந்துகிறவர்கள் உண்டு. சுடுகிறவருக்கு அது ஒன்றுமே இல்லை. சேகரிப்பவருக்கு முதல் நாளே பட்ட கீறல்.

நம் ஊரில் இதற்கு ஒரு சொந்தம் இருக்கிறது. பைத்தான் பிறந்த அதே 1955இல்தான் சென்னையில் என்ஃபீல்டு இந்தியா தொடங்கியது. துப்பாக்கியைப் போலச் செய்தது என்பதே ராயல் என்ஃபீல்டின் பழைய விளம்பர வாசகம், சின்னமே பீரங்கி. கேஸ்ட் அயர்ன் எஞ்சின் போய், 2010 வாக்கில் புதிய எஞ்சின் வந்தபோது புல்லட்காரர்கள் பேசியதை நினைத்துப் பாருங்கள். புதியதில் எண்ணெய் ஒழுகாது, ஒரு பட்டனில் ஸ்டார்ட் ஆகும், ஊருக்குப் போய்த் திரும்பும்வரை மெக்கானிக் தேட வேண்டாம். இருந்தாலும் அந்தச் சத்தம் இல்லை என்றார்கள். அவர்கள் பொய் சொல்லவில்லை. டேப்பட் இடைவெளியைக் காதாலேயே சரிபார்க்கத் தெரிந்த ஒரு மெக்கானிக்கோடு சேர்த்துத்தான் அவர்கள் அந்த வண்டியை நேசித்தார்கள். பைத்தானிலும் நடப்பது இதுவே.

சுடுகிறவர், சேகரிப்பவர் இருவருக்கும் நடுவில் மூன்றாவது ஒரு கூட்டம் உண்டு, எனக்கு மனசுக்கு நெருக்கமானவர்கள் அவர்கள்தான். சிறுவயதில் கடைக் கண்ணாடிக்குப் பின்னால் பைத்தானைப் பார்த்து, அப்பா வாங்க முடியாது என்று சொல்ல, பிறகு சம்பாதிக்கத் தொடங்கியபோது அது நின்றுபோக, வாங்க வசதி வந்தபோது விலை எட்டாத உயரத்துக்குப் போய்விட்டவர்கள். 2020இல் கடையில் வரிசையில் நின்றவர்களில் இவர்கள் நிறைய. கொரோனாக் காலத்தில் அமெரிக்காவில் துப்பாக்கி விற்பனை பெருகிய வருஷம் அது. அறிவித்த விலைக்கு மேலே கொடுத்தும் வாங்கினார்கள். இவர்களுக்கு அரமா மெஷினா என்பது இரண்டாம் பட்சம். புதிய பைத்தான் வந்ததால் பழையதன் விலை சரிந்துவிடும் என்று காத்திருந்தவர்களும் உண்டு. அது நடக்கவில்லை. பழையதை வைத்திருந்தவர்கள் அதை விற்காமல், சுடுவதற்கென்று புதியது ஒன்றும் வாங்கிக்கொண்டார்கள்.

2021இல் செக் நாட்டின் செஸ்கா ஸ்ப்ரோயோவ்கா குழுமம் கோல்ட்டை வாங்கியது. பிறகு வேறு நீளங்களும் வந்தன. எல்லோரும் கேட்டுக்கொண்டே இருந்த நீல நிறப் பைத்தான் 2023இல் வந்தது. எதிர்பார்ப்பு எவ்வளவோ அவ்வளவு கடுமையாகத்தான் அதை எடைபோட்டார்கள். நல்ல, ஆழமான, பளபளப்பான நீலம்தான். இன்றைய தொழிற்சாலைத் துப்பாக்கிகளில் இப்படிக் கிடைப்பது அரிது. ஆனால் 1960களின் பைத்தானைப் பக்கத்தில் வைத்தால், பழையதில் நிறம் எஃகுக்குள்ளிருந்து வருவது போலத் தோன்றும், புதியதில் மேலே நிற்கும். இரண்டையும் அருகருகே வைத்துப் பார்க்கும் வாய்ப்பு பலருக்கு இல்லை என்பதால் புதியதைக் குறை சொல்வது கொஞ்சம் கடுமைதான். இருந்தாலும் பெயரைத் திரும்ப எடுத்துக்கொண்டவர்கள் அந்த ஒப்பீட்டையும் ஏற்றுக்கொள்ளத்தான் வேண்டும்.

என்னைக் கேட்டால், சுடுவதற்குப் புதியதுதான். பழையதைவிடத் தாங்கும், பாகம் போனால் பாகம் கிடைக்கும், சரிபார்க்கத் தெரிந்த ஒரே ஒரு முதியவரைத் தேடி மூன்று மாநிலம் தாண்ட வேண்டியதில்லை. 'இது பைத்தானே இல்லை' என்று சொல்கிறவர்கள், உள்ளே அரம் பட்டதா என்பதை மட்டும் வைத்துப் பெயரை மறுக்கிறார்கள். அதை நான் ஏற்கவில்லை. பொருத்தும் வேலையை மெஷின் எடுத்துக்கொண்டதில் இழப்பைவிட லாபம் அதிகம். தேய்ந்துபோகும் என்று தெரிந்தே ஒரு 'கை'யை மறுபடி செய்ய வேண்டிய அவசியம் யாருக்கும் இல்லை.

பாலிஷ் விஷயத்தில் மட்டும் நான் பழைய கட்சி. ஸ்க்ரூ துளைக்கு முன்னால் அழுத்தத்தை எங்கே விட வேண்டும் என்பது பல வருஷம் சக்கரத்துக்கு முன்னால் நின்ற மணிக்கட்டுக்குத்தான் தெரியும். வெஸ்ட் ஹார்ட்ஃபோர்டில் ஒரு பத்து இளைஞர்களை அந்தத் தோல் சக்கரத்தின் முன்னால் நிறுத்திப் பழக்கினால் போதும், அதற்கு ஆகும் செலவை விலையில் ஏற்றினாலும் கொடுப்பதற்கு ஆட்கள் இருக்கிறார்கள். எலீட் நின்ற பிறகு பெட்டியில் பூட்டிய பைத்தானுக்கு மூவாயிரம் டாலர் கொடுத்தவர்கள் அந்த வெளிச்சக் கோட்டுக்கும் சேர்த்துத்தான் கொடுத்தார்கள்.